அஞ்சலில் சேராத கொடாக்குறோம் சுருள்

2019ஆம் ஆண்டு அம்மா காலமானார். அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து உறவினர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுச் சென்ற பின்னர், கொழும்பு வெள்ளவத்தையில் அவர் வாழ்ந்த சிறிய அறையை ஒதுக்கும் வேலை எனக்கும், கனடாவிலிருந்து வந்திருந்த அக்காவுக்கும் எஞ்சியது. கட்டிலின் கீழே பழைய றங்குப்பெட்டி. அதன் அடியில் ஒரு பிஸ்கற் தகரம். தகரத்துக்குள் காணி உறுதி, அப்பாவின் மரணச் சான்றிதழ், எங்கள் மூவரின் பிறப்புச் சான்றிதழ்கள். அவற்றோடு கசங்கிய மஞ்சள் நிற உறை ஒன்றும், சிறிய கறுப்புப் பிளாஸ்ரிக் குப்பி ஒன்றும் இருந்தன.

குப்பியைத் திறந்ததும் எனக்கு அது என்னவென்று உடனே விளங்கிவிட்டது. கொடாக்குறோம் 64, 36 படங்கள். படம் பிடிக்கப்பட்டு முற்றாக உள்ளே சுற்றப்பட்டிருந்தது. ஆனால் கழுவப்படவில்லை.

அந்தச் சுருளின் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததே. 1982ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு இலண்டனிலிருந்து சின்னமாமா வந்திருந்தார். கழுத்தில் கமரா, தோளில் தோற்பை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அவர் எங்கு சென்றாலும் பையைச் சுமக்கும் உரிமையை அண்ணாவோடு சண்டையிட்டுப் பெற்றுக்கொண்டவன் நான். திரும்பிச் செல்லும்போது கமராவை அப்பாவிடமே விட்டுச் சென்றார். உள்ளே இருந்த சுருளில் இன்னும் பத்துப் படங்கள் எடுக்கலாம் என்றும், எடுத்து முடிந்ததும் இந்த மஞ்சள் உறையில் இட்டு அனுப்பினால் போதும் என்றும் கூறினார். இங்கிலாந்தில் விற்கப்பட்ட கொடாக்குறோம் சுருளின் விலையிலேயே கழுவும் கூலியும் அடங்கியிருந்தது. சுருளைத் தபாலில் சேர்த்தால், அட்டைச் சட்டமிட்ட ஸ்லைட்டுகள் தபாலிலேயே வீடு தேடி வரும்.

அப்பா மிகவும் சிக்கனமானவர். அந்தப் பத்துப் படங்களையும் 1983 தைப்பொங்கல் வரை சேமித்து வைத்திருந்து ஒரே நாளில் எடுத்து முடித்தார். பின்னர் தபாலில் காணாமற்போய்விடுமோ என்ற அச்சம் அவரைப் பிடித்துக்கொண்டது. இலண்டன் செல்லும் எவரிடமாவது கையிலேயே கொடுத்தனுப்பலாம் என்று காத்திருந்தார். அயலிலிருந்த ஒருவர் ஜூலை இறுதியில் புறப்படுவதாக இருந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் நடந்தவற்றை இங்கு விவரிக்க வேண்டியதில்லை. அவர் புறப்படவில்லை. சுருளும் புறப்படவில்லை. 1986இல் மாரடைப்பினால் அப்பா எங்களை விட்டுப் போனார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அம்மா அந்த றங்குப்பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். படக்கொத்துகள் பாரம் என்று வீட்டிலேயே விடப்பட்டன. மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவுகளும் இல்லை. படக்கொத்துகளைப் பற்றிக் கேட்பாரும் இல்லை. அதன் பின்னர் அப்பாவின் முகம் என்று எங்களிடம் எஞ்சியது அவரது அடையாள அட்டையிலிருந்த முத்திரை அளவுப் படம் ஒன்றே. அதிலும் பாதி முகத்தை இறப்பர் முத்திரை மறைத்திருந்தது.

ஆகவே அந்தச் சிறு குப்பியைக் கையில் எடுத்தபோது அக்கா கேட்ட கேள்வி ஒன்றுதான். "இதுக்குள்ள அப்பா இருப்பாரே?"

பதில் சொல்லுமுன் நான் ஒரு நீண்ட வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. வாசகர்களோடு அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு இசைக்கலைஞர்களின் கண்டுபிடிப்பு

கொடாக்குறோம் என்ற வண்ணப் படச்சுருளைக் கண்டுபிடித்தவர்கள் இரசாயனவியலைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். ஒருவர் லியோபோல்ட் மான்ஸ், பியானோக் கலைஞர். மற்றவர் லியோபோல்ட் கொடோவ்ஸ்கி, வயலின் கலைஞர். பின்னவரின் தந்தையார் அதே பெயர் கொண்ட உலகப் புகழ்பெற்ற பியானோ மேதை. நியூயோர்க்கில் பள்ளித் தோழர்களாக இருந்த காலத்தில், 1917இல், இருவரும் வண்ணத் திரைப்படம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு படத்தைப் பார்க்கச் சென்றனர். அதன் நிறங்கள் அவர்களுக்கு ஏமாற்றத்தையே தந்தன. இதைவிடச் சிறப்பாக நாமே செய்யலாம் என்று எண்ணினர். இளமையின் துணிச்சல் அது.

வீட்டின் சமையலறையும் குளியலறையுமே அவர்களது ஆய்வுகூடங்களாயின. பகலில் இசை, இரவில் இரசாயனம் என்று ஆண்டுகள் கழிந்தன. கொடாக் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுத் தலைவராயிருந்த மீஸ் என்பவரின் கவனம் இவர்கள் மீது விழுந்தது. 1930இல் இருவரும் றோச்செஸ்ரர் நகரிலிருந்த கொடாக் ஆய்வுகூடத்தில் முழுநேரமாகச் சேர்ந்தனர். முழு இருட்டில் படம் கழுவும்போது கடிகாரத்தைப் பார்க்க இயலாது. ஆகவே இருவரும் பிராம்ஸின் சிம்பொனி ஒன்றைச் சீழ்க்கையடித்து நேரத்தைக் கணித்தார்கள் என்பது நிழற்பட வரலாற்றில் பிரசித்தமான செய்தி. இசையறிந்தவனுக்குத் தாளம் பிசகாது அல்லவா? அவர்களது பெயர்களின் முதற் பகுதிகளைச் சேர்த்து, இது கடவுளும் மனிதனும் சேர்ந்து செய்த படம் என்று ஆங்கிலத்தில் சிலேடையாகவும் கூறுவர்.

1935இல் 16 மில்லிமீற்றர் திரைப்படச் சுருளாகக் கொடாக்குறோம் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு 35 மில்லிமீற்றர் கமராக்களுக்கான சுருளும் வந்தது. ஆரம்ப காலப் படங்களின் நிறங்கள் விரைவில் மங்கின. 1938இல் கழுவும் முறை திருத்தியமைக்கப்பட்ட பின்னரே இன்று நாம் வியக்கும் நிலைத்த நிறங்கள் அமைந்தன. மான்ஸ் 1939இல் கொடாக்கை விட்டு நீங்கித் தன் பெற்றோர் நிறுவிய இசைக்கல்லூரிக்கே திரும்பினார். அவர் 1964இலும் கொடோவ்ஸ்கி 1983இலும் மறைந்தனர்.

சுருளுக்குள் நிறம் இல்லை

வீட்டில் கொடாக்குறோமைக் கழுவ இயலுமா என்ற கேள்விக்கு விடை காண, அது எவ்வாறு இயங்கியது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் பரவலாகப் பாவிக்கப்பட்ட வண்ணச் சுருள்களில், நிறத்தை உண்டாக்கும் இரசாயனப் பொருட்கள் சுருளிலேயே சேர்க்கப்பட்டிருக்கும். 1936இல் ஜெர்மனியின் அக்ஃபா நிறுவனம் வெளியிட்ட சுருளும், 1946இல் கொடாக் வெளியிட்ட எக்ராக்குறோமும் அத்தகையவை. கொடாக்குறோம் அப்படியன்று. அதில் இருந்தவை வெள்ளி உப்புகளாலான மூன்று கறுப்பு வெள்ளைப் படலங்கள் மட்டுமே. மேற்படலம் நீல ஒளியைப் பதியும். அதன் கீழே நீல ஒளியைத் தடுக்கும் மஞ்சள் வடிகட்டிப் படலம். அதற்கும் கீழே பச்சை ஒளிக்கு ஒன்று, சிவப்பு ஒளிக்கு ஒன்று. முதுகுப்புறத்தில் கரியாலான ஒரு கறுப்புப் பூச்சு. சுருளில் நிறச்சாயம் என்று எதுவுமே இல்லை. நிறம் முழுவதும் கழுவும் தொட்டிகளிலேயே பிறந்தது.

1974இல் நடைமுறைக்கு வந்த கே-14 என்ற முறையை எடுத்துக்கொள்வோம். முதலில் கறுப்புப் பூச்சு நீக்கப்படும். பின் மூன்று படலங்களிலும் கறுப்பு வெள்ளை நெகற்றிவ் உருவாக்கப்படும. அடுத்து, சுருளின் முதுகுப்புறமாகச் சிவப்பு ஒளி செலுத்தப்படும். அடிப்படலத்தில் எஞ்சிய வெள்ளி உப்பு மட்டும் அவ்வொளியை ஏற்கும். அப்படலம் நீலப்பச்சைச் சாயம் தரும் கரைசலில் துலக்கப்படும். பின் மேற்புறமாக நீல ஒளி. மேற்படலம் மஞ்சட் சாயம் பெறும். நடுப்படலம் ஒளியின்றி இரசாயனத்தினாலேயே தூண்டப்பட்டு மஜெந்தாச் சாயம் பெறும். ஈற்றில் வெள்ளி அனைத்தும் வெளுக்கப்பட்டு நீக்கப்படும். எஞ்சுவது சாயத்தாலான படம் மட்டுமே.

ஒவ்வொரு தொட்டியிலும் கரைசலின் செறிவையும் வெப்பநிலையையும் ஓயாமற் கண்காணிக்க வேண்டும். பெரிய இயந்திரமும், பயிற்சி பெற்ற இரசாயனவியலாளரும் இன்றி இது நடவாது. அதனாலேயே படக்கடைகள் எவையும் இதைத் தொடவில்லை. அமெரிக்காவில் நெடுங்காலம் கொடாக் நிறுவனமே படம் விற்கவும் கழுவவும் செய்தது. சுருளின் விலையோடு கழுவும் கூலியையும் சேர்த்து விற்பது ஏகபோகம் என்று அந்நாட்டு அரசு வழக்கிட்டதால், 1954இல் அந்த வழக்கம் அங்கு கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் தொடர்ந்தது. அதன் சாட்சியே அம்மாவின் தகரத்திலிருந்த மஞ்சள் உறை.

புகழும் முடிவும்

1953 மே 29ஆம் திகதி எவரெஸ்ற் உச்சியில் ரென்சிங் நோர்கே பனிக்கோடரியை உயர்த்தி நிற்கும் படத்தை எட்மண்ட் ஹிலரி எடுத்தது கொடாக்குறோமில். 1963 நவம்பர் 22ஆம் திகதி ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதை ஒரு துணி வர்த்தகர் தன் 8 மில்லிமீற்றர் கமராவில் பதிந்ததும் கொடாக்குறோமில். 1984இல் பாகிஸ்தானின் அகதி முகாமொன்றில் ஸ்ரீவ் மக்கறி எடுத்து, மறு ஆண்டு ஜூன் மாத நாஷனல் ஜியோகிரபிக் இதழின் அட்டையில் வெளியான பச்சைக்கண் ஆப்கான் சிறுமியின் படமும் அதிலேயே. இருளில் பத்திரமாக வைத்தால் பல தசாப்தங்களுக்குப் பின்னரும் மங்காத நிறம் அதன் தனிச்சிறப்பு.

ஆயினும் வீட்டிலும் சிறு கடைகளிலும் கழுவக்கூடிய எக்ராக்குறோம் வகைகளும், பின்னர் ஜப்பானிய ஃபுஜி நிறுவனத்தின் சுருள்களும், இறுதியில் டிஜிட்டல் கமராவும் அதன் இடத்தைப் பறித்தன. முதலாவது டிஜிட்டல் கமராவை 1975இல் உருவாக்கியவரும் கொடாக் பொறியியலாளர் ஒருவரே. தன் வீட்டில் வளர்த்த பிள்ளையாலேயே அந்த நிறுவனம் வீழ்ந்தது. 2006இல் சுவிற்சர்லாந்தின் லொசான் நகர ஆய்வுகூடம் மூடப்பட்டது. 2009 ஜூன் 22ஆம் திகதி கொடாக்குறோமின் உற்பத்தி நிறுத்தப்படுவதாகக் கொடாக் அறிவித்தது. அப்போது நிழற்படச் சுருள்களின் மொத்த விற்பனையில் அதன் பங்கு நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு.

கடைசியாகத் தயாரான சுருள் ஸ்ரீவ் மக்கறியிடமே கொடுக்கப்பட்டது. நியூயோர்க், இந்தியா, துருக்கி என்று அலைந்து 36 படங்களை எடுத்து முடித்த அவர், 2010 ஜூலையில் கன்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சிற்றூருக்கு அதை நேரிற் கொண்டு சென்றார். உலகில் கே-14 முறையில் கழுவிய கடைசிக் கடையான டுவெயின்ஸ் போட்டோ அங்குதான் இருந்தது. 2010 டிசெம்பர் 30ஆம் திகதியுடன் அவர்களும் சுருள்களை ஏற்பதை நிறுத்தினர். குவிந்து கிடந்தவற்றைக் கழுவி முடிக்க 2011 ஜனவரி வரை சென்றது. பின்னர் இயந்திரம் நிறுத்தப்பட்டது. 2012 ஜனவரியில் கொடாக் நிறுவனமே வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. 2012இல் நிறுத்தப்பட்ட எக்ராக்குறோம் 2018இல் மீண்டும் வந்தது. கொடாக்குறோம் வரவில்லை.

அப்பா 1983இல் காத்திருந்தார். அம்மா அதன் பின்னர் 36 ஆண்டுகள் காத்திருந்தார். அவர்கள் காத்திருந்த காலத்திலேயே அந்தச் சுருளின் நிறம் செல்லும் வழி அடைபட்டுப் போயிற்று. 2002 போர் நிறுத்தத்தின்போது ஏ-9 வீதி திறந்தது. அப்போதாவது அனுப்பியிருக்கலாம். பத்திரிகைத் தொழிலில் இருந்துகொண்டு, இருட்டறைகளில் உலவிக்கொண்டு, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. இந்தக் குற்றத்தை நான் வேறெவர் மீதும் சுமத்த இயலாது.

எஞ்சியிருந்தது வெள்ளி

ஆயினும் ஒரு வழி இருந்தது. கே-14 முறையின் முதற்கட்டமே ஒரு கறுப்பு வெள்ளைக் கழுவல்தான் என்று மேலே கூறினேன். ஒளி பட்ட வெள்ளி உப்பு மணிகளில், கண்ணுக்குத் தெரியாத சில வெள்ளி அணுக்களாகப் படம் பதிந்திருக்கும். சாதாரண கறுப்பு வெள்ளை டெவலப்பர் அதைக் கரிய வெள்ளியாகத் துலக்கிவிடும். அத்தோடு நிறுத்திக்கொண்டால் நிறமற்ற ஒரு நெகற்றிவ் கிடைக்கும். நிறத்தைத் துறந்தால் உருவத்தைப் பெறலாம்.

எங்கள் பத்திரிகையின் இருட்டறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் கொழும்பின் புறநகரில் வசிக்கிறார். எழுபதைக் கடந்தவர். 1990களின் தொடக்கத்தில் நான் புதிதாகச் சேர்ந்த நாட்களில், செய்திக்குரிய படத்தை ஈரத்தோடு கையில் தந்து அச்சுப் பகுதிக்கு ஓடச் சொன்னவர். அவரும் கடிகாரத்தை நம்பியவரல்லர். பழைய சினிமாப் பாட்டொன்றின் பல்லவியை எத்தனை தரம் முணுமுணுத்தேன் என்பதே அவரது கணக்கு.

குப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, நாப்பது வருசம் வெக்கைக்குள்ள கிடந்த சாமான். ஒண்டும் வராமலும் போகலாம். வந்தாலும் கலர் வராது. சம்மதமெண்டால் சொல்லும்."

"சம்மதம் அண்ணை. முகம் வந்தால் போதும்" என்றேன்.

டெவலப்பராக அவர் தெரிவு செய்தது டி-76. மெற்றோல், சோடியம் சல்பைற், ஹைட்ரோகுவினோன், வெண்காரம் ஆகிய நான்கையும் தானே நிறுத்துக் கலந்தார். இந்த டி-76ஐ 1920களில் உருவாக்கியவர் கொடாக்கின் ஜோன் கப்ஸ்ராஃப். முதல் உலகப் போருக்கு முன்னரே இருநிற முறை ஒன்றை உருவாக்கியவரும் அவரே. கொடாக்குறோம் என்ற பெயர் முதலில் சூட்டப்பட்டது அதற்குத்தான். அந்தப் பெயரையே பின்னர் இசைக்கலைஞர்களின் சுருளுக்கு வைத்தனர். ஆக, முதற் கொடாக்குறோமைச் செய்தவரின் கரைசலே கடைசிக் கொடாக்குறோம்களையும் மீட்டுத் தருகிறது.

பழைய சுருள்களில் ஒளி படாத மணிகளும் தாமாகவே கருகிப் படத்தைப் புகைமூட்டம் போல மறைக்கும். அதைக் குறைக்க பென்சோரையசோல் என்ற பொருளைச் சிறிதளவு சேர்த்தார். கரைசல் 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். கொழும்பு வெயிலில் அது இலகுவான காரியமன்று. பெரிய தாச்சியில் ஐஸ் கட்டிகளை இட்டு, அதன் நடுவே போத்தல்களை வைத்து, வெப்பமானியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சுருள். ஒத்திகை பார்க்க இன்னொன்று இல்லை. ஆகவே நுனியில் ஒரு துண்டை வெட்டி முதலில் அதைக் கழுவிப் பார்க்க வேண்டும் என்றார். வெளிப்பக்கமாக இருப்பவை முதலில் எடுத்த படங்கள். அதாவது சின்னமாமா எடுத்தவை. அப்பா கமராவைக் கையில் எடுத்தது கடைசிப் பத்துப் படங்களுக்கு. படம் பிடிப்பவர் படத்தில் இருக்க மாட்டார். அப்பாவின் முகம் இருக்குமானால் அது மாமாவின் படங்களில்தான் இருக்கும். வெட்டப்படும் துண்டில் என்ன இருக்கும் என்று எவருக்குத் தெரியும்? மாமாவிடம் கேட்கலாமென்றால் அவரும் 2004இல் இலண்டனில் காலமாகிவிட்டார்.

"வெட்டாமல் போட்டால் முழுக்கப் போனாலும் போகும்" என்றார் அண்ணை. ஒரு படத்தின் அளவுக்கு வெட்டச் சொன்னேன். ஆறு நிமிடம் கழுவிய துண்டில் இருந்தது மங்கலான ஒரு கோபுரத்தின் அடிப்பகுதி. நல்லூராகத்தான் இருக்க வேண்டும். போனது ஒரு முகமன்று என்பதில் எனக்கு ஏற்பட்ட ஆறுதலை எழுத்தில் வடிக்க இயலாது. நேரத்தை ஏழரை நிமிடமாகக் கூட்ட முடிவு செய்தோம்.

இருட்டில் சுருளைத் தொட்டிக்குள் ஏற்றுவதற்கு அவருக்கு இருபது நிமிடங்கள் சென்றன. நாற்பது ஆண்டுகள் இறுகச் சுருண்டு கிடந்த பிலிம் நேராக மறுத்தது. அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. பின்னர் விளக்கு எரிந்தது. டெவலப்பர், நீர், ஹைப்போ. ஹைப்போ முடிந்ததும் வெண்காரம் கரைத்த நீரில் சுருளை ஊறவிட்டு, முதுகுப்புறத்தை ஈரப் பஞ்சினால் மெல்ல மெல்லத் துடைத்தார். கரிப்பூச்சு மை போலக் கரைந்து வழிந்தது. பஞ்சு கறுத்தது, விரல்கள் கறுத்தன, தொட்டி கறுத்தது. அதன் கீழிருந்து மண்ணிறச் சுருள் ஒன்று வெளிப்பட்டது. நடுவிலுள்ள மஞ்சள் வடிகட்டிப் படலமும் நுண்ணிய வெள்ளியால் ஆனது. கறுப்பு வெள்ளை முறையில் அது நீங்காமல் நிறமூட்டி நிற்கும். அதை நீக்கவும் இரசாயனம் உண்டு. ஆனால் அது படத்தையும் சேர்த்து அரித்துவிடக்கூடும் என்பதால் அதைத் தொடாமல் விட்டோம்.

கொடியில் தொங்கிய சுருளை யன்னல் வெளிச்சத்தில் பார்த்த அண்ணை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் அணிந்துகொண்டார். "ஆக்கள் நிக்கினம்" என்றார்.

வந்தவையும் வராதவையும்

நெகற்றிவை ஒளிமேசையில் வைத்து டிஜிட்டல் கமராவினால் படமெடுத்துக் கணினியில் நேராக்கினோம். 36 படங்களில் உருத்தெரிந்தவை 19. வெளிப்பக்கத்துப் படங்களைப் புகைமூட்டம் பெரிதும் தின்றிருந்தது. தேர் வடம், மணற்காட்டில் நிற்கும் சிறுவர்கள், எவரென்று தெரியாத ஒரு திருமண வீட்டார். 14ஆவது படத்தில் எங்கள் வீட்டு விறாந்தை. அதில் சாய்மனைக் கதிரையில், கையில் மடித்த பத்திரிகையுடன், கமராவைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்ற தயக்கத்துடன் அப்பா அமர்ந்திருந்தார். படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள். ஆயினும் இடப்புற நெற்றியிலுள்ள தழும்புகூடத் தெரிந்தது. அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. இன்று என்னைவிட இளையவர்.

கடைசிப் பத்துப் படங்கள் சுருளின் உட்பக்கம் இருந்ததால் தெளிவாக வந்திருந்தன. அனைத்திலும் பொங்கல். அனைத்திலும் அம்மா. முற்றத்தில் கோலம், மூன்று கல்லில் பானை, அதன் அருகே குனிந்து அரிசி இடும் அம்மா, புகைக்குக் கண்ணைச் சுருக்கும் அம்மா, கமராவைக் கண்டு கையால் மறைக்கும் அம்மா. சேமித்து வைத்த பத்துப் படங்களில் பத்தையும் அப்பா அம்மாவுக்கே செலவிட்டிருந்தார். பிள்ளைகளாகிய நாங்கள் ஓரங்களில் பாதி வெட்டுப்பட்டு நின்றோம். அம்மாவிடம் ஒரு நாளும் வாய்திறந்து அன்பாகப் பேசியதாக எனக்கு நினைவில்லாத மனிதர் அவர்.

படங்களை ரொறன்ரோவுக்கு அனுப்பினேன். அக்கா இரண்டு நாட்கள் பேசவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்து, "அது அம்மாவின்ர கூறைக்கு அடுத்த சீலை, பச்சை" என்றார். பாரிஸிலிருக்கும் அண்ணா, அது பச்சையன்று, நீலம், கரை மட்டுமே பச்சை என்றார். எனக்கு அது மாம்பழ மஞ்சளாகவே நினைவு. நாங்கள் மூவரும் அந்த முற்றத்தில் நின்றவர்கள். மூவருக்கும் மூன்று நிறம்.

விந்தை என்னவென்றால், அந்தச் சீலையின் நிறம் இப்போதும் சுருளில்தான் இருக்கிறது. நீலப் படலத்தில் எவ்வளவு வெள்ளி, பச்சைப் படலத்தில் எவ்வளவு, சிவப்புப் படலத்தில் எவ்வளவு என்பதே நிறம். அந்த மூன்று அளவுகளும் 1983 தைப்பொங்கலன்று பதிவாயின. ஆனால் கறுப்பு வெள்ளை முறையில் கழுவும்போது மூன்று படலங்களும் ஒரே கரிய வெள்ளியாகி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகின்றன. எந்தக் கருமை எந்தப் படலத்துக்குரியது என்று வெறும் கண்ணுக்கும் தெரியாது, கமராவுக்கும் தெரியாது. சாயம் ஏற்றுவதற்கான வாய்ப்பும் அந்தக் கழுவலோடு முடிந்துவிடுகிறது. அதைத் தெரிந்தே நான் சம்மதித்தேன்.

அக்காவின் மகன் கணினி வல்லுநர். ஒரே இரவில் படங்களுக்கு நிறமூட்டி அனுப்பிவிட்டான். அழகாகத்தான் இருந்தது. வானம் நீலம், வாழையிலை பச்சை, அம்மாவின் சீலை நல்ல சிவப்பு. சிவப்பு என்று எங்கள் மூவரில் எவரும் சொல்லவில்லை. "மாமா, வேணுமெண்டால் பச்சையாவும் மாத்தித் தரலாம்" என்றான். வேண்டாம் என்று அன்பாகச் சொன்னேன். முன்னைய காலத்தில் எங்கள் ஊர் ஸ்ரூடியோக்காரர்கள் கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் கன்னச் சிவப்புத் தீட்டுவார்கள். அது தீட்டியது என்று பார்த்த கணத்திலேயே தெரியும். கணினி தீட்டியது அப்படித் தெரியவில்லை. அடுத்த தலைமுறை அம்மா சிவப்புச் சீலை உடுத்தியதாகவே நம்பிவிடும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் வீடுகளிலும் ஊரில் எஞ்சிய பெட்டிகளிலும் இத்தகைய சுருள்கள் இன்னும் இருக்கலாம். சுருளின் மீது கொடாக்குறோம் என்றோ கே-14 என்றோ அச்சிடப்பட்டிருந்தால், அதைச் சாதாரண வண்ணக் கழுவலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த முறைகளில் வெள்ளி முழுவதும் நீக்கப்படும். கொடாக்குறோமில் சாயமும் இல்லாததால் மிஞ்சுவது வெறும் பிளாஸ்ரிக் நாடாவே. கரிப்பூச்சினால் கடைக்காரரின் கரைசலும் பழுதாகும். உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்து, பழைய சுருள்களைக் கறுப்பு வெள்ளை முறையில் கழுவத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இனியும் தாமதியாதீர்கள். வெப்பமும் ஈரமும் ஒவ்வோர் ஆண்டும் சிறிது சிறிதாக அந்த முகங்களைத் தின்றுகொண்டிருக்கின்றன. படத்தில் இருப்பவர் யாரென்று சொல்லக்கூடியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

14ஆவது படத்தைப் பெருப்பித்துச் சட்டமிட்டு என் மேசையின் எதிரே மாட்டியிருக்கிறேன். மஞ்சள் உறையைப் பழையபடி தகரத்திலேயே வைத்துவிட்டேன்.